காற்றுப் புகாத கதவு

லோவெல் அந்தக் கேம்பரை வாங்கி வந்த அன்றே அதன் கதவு அவன் கையோடு வந்துவிட்டது.

திறக்கத்தான் போனான் பாவம். பிடியை லேசாக இழுத்தான். மேல்கீல் ஒரு முனகல் முனகியது. உளுத்த சட்டத்திலிருந்து திருகாணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கதவு முழுசும் அவன் தோள்மேல் சாய்ந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி பெர்னீஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரி, நல்லா சிரி. மலையில பல்லு கிட்டிக்கும்போது சிரிப்பியா பாக்கறேன்.”

“நீ இருக்கியே, சரி பண்ண மாட்டியா?” என்றாள். சிரிப்பு இருமலாக மாறிற்று. அந்த இருமலைக் கேட்டதும் லோவெலுக்கு முகம் சுருங்கிப்போனது.

ஐடஹோ மலைகளில் எல்க் மான் வேட்டைக்குப் போகாத வருஷம் அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஆனால் போன குளிர்காலத்தில் பெர்னீஸுக்கு நுரையீரலில் சளி கட்டி, பிழைத்ததே பெரும்பாடு. மறுபடி குளிர் பட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கூடாரம் கூடவே கூடாது. அவளோ, நான் இல்லாமல் நீ போகிற மலை எது என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்காகத்தான் இந்தக் கேம்பர். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி உட்கார வைக்கிற தகரக் கூண்டு. உள்ளே ஒரு மெத்தை, ஓர் அடுப்பு, சுவரில் ஒரு கேஸ் ஹீட்டர், பின்பக்கம் ஒரே ஒரு கதவு. காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் அவள் உள்ளே கதகதப்பாகத் தூங்கலாம். வேட்டை ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

விற்ற அம்மாள் அடுத்த ஊர்க்காரி. தம்பியுடையது, அவன் போய்விட்டான் என்றாள். லோவெல் வண்டியைக் கிளப்பும்போது ஜன்னலோரம் வந்து, “கதவை மட்டும் ரொம்ப இறுக்காதீங்க,” என்றாள். பொம்பளைக்குத் தச்சுவேலையில் என்ன தெரியும் என்று அவன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

உளுத்த சட்டத்தை வெட்டி எறிந்து புது மரம் வைத்தான். துருப்பிடித்த கீல்களைக் கழற்றிவிட்டு, கதவின் உயரத்துக்கு ஒரே நீளமான பித்தளைக் கீலாக வாங்கி, மரத்தில் நன்றாக ஏற்றினான். ஓரமெல்லாம் புது ரப்பர் பட்டை ஒட்டினான். சாத்தும்போது மெத்தென்று ஒரு சத்தம் கேட்டது. அடடா, என்ன சுகமான சத்தம்! வெளியே ஒரு பூட்டையும் போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

காலையில் காப்பிக் கோப்பையோடு வந்து பார்த்தால், கதவு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் பட்டை வெளியே பிதுங்கி, நாய் நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரி கிடந்தது. திருகாணிகள் படியில் இருந்தன.

பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

“என்னப்பா, உன் கதவு ராத்திரி எழுந்து உலாத்தப் போச்சா?” வேலிக்கு அந்தப்பக்கம் மெர்ல். பக்கத்து வீட்டுக்காரன். அவனுக்கு இது போதும், ஒரு மாசத்துக்கு மதுக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

“ரக்கூன் வேலை,” என்றான் லோவெல். ராத்திரியில் வந்து குப்பையைக் கிளறுகிற, விரல் உள்ள பிராணி அது.

“ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருக்கிற ரக்கூனா?”

லோவெல் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். துளைகளில் பசையும் தீக்குச்சியும் திணித்துப் பெரிய திருகாணி போட்டான். மறுநாளும் அதே கதை. பட்டையைச் சிலிகானால் ஒட்டினான். அதுவும் உரிந்து கிடந்தது. மண்டை காய்ந்துபோயிற்று அவனுக்கு. சாப்பாட்டு மேஜையில் கறிக்குழம்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே கீலைத் திட்டினான், மரக்கடைக்காரனைத் திட்டினான், கடைசியில் உப்பு ஜாடி மூடி இறுகியிருந்ததற்கு அதையும் திட்டினான்.

“விடேன், இந்த வருஷம் போகாட்டிப் போறது,” என்றாள் பெர்னீஸ். சொல்லும்போதே அவள் கண் ஜன்னல் வழியாக மலைப்பக்கம் போயிற்று.

“இந்தப் பாழாப்போன கதவுக்கு நான் தோத்துப் போகணுமா? நடக்காது.”

இந்த முறை திருகாணியே வேண்டாம் என்று முடிவு செய்தான். தகரத்தையும் சட்டத்தையும் ஊடுருவித் துளைத்து போல்ட் கொடுத்தான். போல்ட்டின் உருண்டைத் தலை வெளியே; நட்டு உள்ளே. வெளியிலிருந்து யார் வந்தாலும், எந்த மிருகம் வந்தாலும், கழற்றவே முடியாது.

காலையில் பூட்டைத் திறந்தான். கதவு ஆடிற்று. மெத்தையின்மேல் நட்டுகள் கிடந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக.

உள்ளே இருந்துதான் கழற்றியிருக்க வேண்டும்.

லோவெல் தலையை உள்ளே நீட்டினான். உள்ளே ஒரு வாடை இருந்தது. புழுங்கிய கம்பளி வாடை, ரொம்ப நேரம் மூடிய அறையில் ஓர் ஆள் விட்ட மூச்சின் வாடை. வண்டி அதிர்வில் நட்டு கழன்றிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வண்டி வாசலைவிட்டு நகரவே இல்லை என்பதை நினைக்க அவன் விரும்பவில்லை.

நட்டுகளுக்குப் பசை போட்டு முறுக்கினான். அன்றைக்கு மத்தியானம் பெர்னீஸின் வாக்யூம் கிளீனரை எடுத்து வந்து, குழாயைத் திருப்பிப் போட்டு, கூரைத் திறப்பின் வழியாகக் கேம்பருக்குள் காற்றை ஊதவிட்டான். கசிவு பார்க்க இதுதான் வழி. உள்ளே காற்று முட்டும்; வெளியே சோப்புத் தண்ணீர் பூசினால், எங்கே ஓட்டையோ அங்கே குமிழ் வரும்.

“என் மெஷின் கெட்டுப்போச்சுன்னா பாரு,” என்று முணுமுணுத்தபடி பெர்னீஸ் பஞ்சால் கதவோரமெல்லாம் சோப்பு பூசினாள்.

மேலே ஒன்றும் இல்லை. கீல் பக்கம் ஒரு குமிழ்கூட இல்லை. லோவெலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கதவின் அடியில், உள்ளங்கை அகலத்துக்குச் சல்லடை மாதிரி ஒரு காற்றுத் துளை இருந்தது. அங்கே மட்டும் நுரை பொங்கிற்று.

“கண்டுபிடிச்சிட்டேன் திருட்டுப்பயலை!” என்று மெஷினை அணைத்தான்.

சத்தம் அடங்கியது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

“லோவெல்,” என்றாள் பெர்னீஸ் மெல்ல. “மெஷினை நிஜமாவே நிறுத்திட்டியா?”

“நிறுத்தியாச்சு.”

“அப்ப இது என்ன?”

சல்லடையின்மேல் நுரைக்குமிழ் உப்பிற்று. பிறகு உள்ளே சுருங்கிற்று.

உப்பிற்று.

சுருங்கிற்று.

தரையில் குப்புறப் படுத்த ஓர் ஆளின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில்.

பெர்னீஸின் கையிலிருந்து பஞ்சு விழுந்தது. லோவெல் பூட்டைத் திறந்து கதவை விரிய இழுத்தான். உள்ளே யாரும் இல்லை. மெத்தை, அடுப்பு, ஹீட்டர். தரையில் கதவோரம் மட்டும் கொஞ்சம் ஈரம் பூத்திருந்தது.

“உள்ளே போன காத்து ஆறுது, அவ்வளவுதான்,” என்றான். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

“எனக்கு இது பிடிக்கல.”

“குளிர் வர்றதே அந்த ஓட்டை வழியாத்தான். அதை அடைச்சா எல்லாம் சரியாகும்.”

அவன் ஊரில் எல்லா வேட்டைக்காரனும் செய்கிற வேலைதான். கூரைத் திறப்பைப் பிசின் நாடாவால் ஒட்டுவான். கீழ்த்துளையில் எதையாவது திணிப்பான். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சுகமாகப் படுப்பான். அந்தக் காலத்தில், அடைத்த இடத்தில் ஹீட்டர் கக்குகிற விஷக்காற்றைக் கண்டு அலறுகிற கருவியெல்லாம் கிடையாது. லோவெலும் கூரைத் திறப்பை ஒட்டிவிட்டு, சல்லடையின்மேல் தகரம் வைத்து, சிலிகான் பூசி, போல்ட் கொடுத்தான். வேண்டாத பிடிவாதம். ஆனால் அதன்பிறகு கதவு அடங்கிவிட்டது. மறுநாள் காலையும் நட்டு நட்டாக இருந்தது, பட்டை பட்டையாக இருந்தது.

“பாத்தியா?” என்று மெர்லிடம் மார்தட்டிக்கொண்டான். “சொல்ற விதத்துல சொன்னா கதவும் கேக்கும்.”

மலை ஏறும்போதே பனி கொட்ட ஆரம்பித்தது. வழக்கமான ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். பெர்னீஸ் களைத்துப்போயிருந்தாள், ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது. அவன் ஹீட்டரைப் பற்றவைத்தான். கூண்டு வீடு சிறிது நேரத்திலேயே கதகதப்பானது.

“நீ கொஞ்சம் படு. நான் மேட்டுப்பக்கம் தடம் ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்.”

“சீக்கிரம் வா. ஹக்கிள்பெரிப் பழம் அடைச்சுச் சுட்ட இனிப்பு எடுத்து வெச்சிருக்கேன்.”

வெளியே வந்து கதவைச் சாத்தினான். மெத்தென்ற அந்தச் சத்தம். திருப்தியாக நடந்தான்.

எல்க் ஒன்றும் தட்டுப்படவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் திரும்பினான். மரங்களுக்கு நடுவே வண்டி தெரிந்தது. ஏதோ சரியில்லை. வண்டியின் பின்பக்கம் கறுப்பாக, வாய் பிளந்த மாதிரி இருந்தது.

கதவு இல்லை.

துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான். கதவு சட்டத்தோடு பிய்ந்து, வண்டியிலிருந்து தூரமாய்ப் பனியில் கிடந்தது. அதன் பக்கத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பெர்னீஸ் மண்டிபோட்டிருந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. உயிர் இருந்தது.

“பெர்னீஸ்! கண்ணு! என்னடி ஆச்சு?”

“தலை வெடிக்குது.” மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். “முழிப்பு வந்துச்சு, எழுந்திருக்க முடியல. கால் அசையல, லோவெல். கத்தினேன், சத்தமே வரல. அப்ப…”

“அப்ப?”

“யாரோ மெத்தைக்கு அடியிலேர்ந்து தவழ்ந்து கதவுகிட்ட போனாங்க. இருமிக்கிட்டே போனாங்க. நீதான்னு நெனச்சேன்.”

லோவெல் தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினான்.

“கதவைப் பறாண்டினாங்க. அப்புறம் உதைச்சாங்க. உதைச்சாங்க, உதைச்சாங்க, கதவு பறந்துச்சு. சில்லுனு காத்து வந்துச்சு. எப்படியோ உருண்டு வெளிய விழுந்தேன்.”

“நீயே உதைச்சிருப்ப. மயக்கத்துல தெரிஞ்சிருக்காது.”

பனியில் கிடந்த கதவைக் காட்டினாள். உட்பக்கம் மேலே பார்த்துக் கிடந்தது. உள்ளே வியர்த்த நீர் அப்படியே உறைந்திருந்தது. அந்த உறைபனியில், கதவின் அடிப்பக்கத்தில், இரண்டு கை பதிந்திருந்தது. அகலமான ஆண் கை. அதன் கீழே தகரத்தின் பூச்சு நகத்தால் கோடு கோடாக உரிந்திருந்தது.

பெர்னீஸின் கை சின்னது. லோவெல் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கத் துணியவில்லை.

வீட்டுக்கு வந்து, பெர்னீஸை டாக்டரிடம் காட்டிப் படுக்க வைத்த பிறகு, விற்ற அம்மாளைப் போனில் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தான்.

“உங்க தம்பி எப்படிப் போனாரு?”

எதிர்முனையில் அவள் குரல் இறங்கிற்று. “அதுக்குள்ளதான். குளிர்னு எல்லாத்தையும் அடைச்சிருந்தான். கீழ இருந்த துளையில சாக்கைத் திணிச்சிருந்தான். கதவுகிட்டதான் கெடந்தானாம், வாயை அந்தத் துளைகிட்ட வெச்சுக்கிட்டு. கதவைத் தொறக்கக் கையில பலம் இல்ல போல.”

“இதைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“சொன்னேனே,” என்று அந்த அம்மாள் அழுதாள். “ரொம்ப இறுக்காதீங்கன்னு சொன்னேனே.”

லோவெல் போனை வைத்தான். இத்தனை நாள் கீலையும் மரத்தையும் ரக்கூனையும் திட்டிய வாய்க்கு, இப்போது திட்ட யாரும் கிடைக்கவில்லை. அந்தக் கதவு ஒவ்வொரு ராத்திரியும் கெஞ்சியிருக்கிறது. அவன் ஒவ்வொரு காலையும் இறுக்கியிருக்கிறான். பெர்னீஸ் செத்திருப்பாள். தன் கையாலேயே அவளை அடைத்துக் கொன்றிருப்பான். சமையலறையில் தனியாக உட்கார்ந்து அழுதான்.

கேம்பரைப் பிரித்துத் தகரக்காரனிடம் போட்டாயிற்று. பித்தளைக் கீலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். புதுசு, ஒரு கீறல் இல்லை. அந்த ஊரில் நல்ல கீலை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். பனி உருகுகிற சமயத்தில் சமையலறைப் பின்கதவு தொங்கிப்போனபோது, அதையே எடுத்துப் போட்டான். குளிர் இன்னும் விடவில்லை. பெர்னீஸுக்காக ஓரத்தில் ரப்பர் பட்டையும் ஒட்டினான். பழக்கதோஷம்.

வசந்தகாலத் துப்புரவு என்று பெர்னீஸ் வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். அவள் வெளியே நின்று பின்கதவைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். லோவெல் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

“லோவெல்,” என்றாள் பெர்னீஸ்.

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். மெதுவாகத் திரும்பினான்.

கதவின் அடிவிளிம்பில் நுரைக்குமிழ் உப்பிற்று. சுருங்கிற்று. உப்பிற்று.

கீலின் கடைசித் திருகாணி தானாக ஒரு சுற்றுச் சுற்றியது.

“இருப்பா, இரு,” என்றான் லோவெல். “நீ கஷ்டப்படாதே. நானே எடுத்துடறேன்.”

மண்டிபோட்டு, ரப்பர் பட்டையின் நுனியைப் பிடித்து, ஒரே இழுப்பாக முழுசையும் உரித்தான். குமிழ் உடைந்தது. சூடான காற்று அவன் விரல்களில் பட்டது.

இருவரும் கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.

ஆளில்லாத சமையலறையில் யாரோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்கள். பிறகு, தண்ணீரில் மூழ்கி எழுந்தவன் மாதிரி, ஒருமுறை இருமினார்கள்.