துப்புரவான துடிப்பு

முற்பகல் பதினொரு மணிக்குப் பிலிப்பு தன் ஓட்டோவில் மனைவி ஜெனிஸ்ராவைக் கொண்டுவந்தான். எட்டு மாதம். விடியலிலிருந்து பிள்ளை அசையவில்லை. போன வருடம் இதே சிற்றாஸ்பத்திரியில், இதே மூன்றாம் கட்டிலில், முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

சோளகக் காற்று கூரைத் தகரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்காகத்தான் புது மெஷின் வந்தது. காற்றையும் தாயின் நாடியையும் செயற்கை நுண்ணறிவால் வடித்துவிட்டு, சிசுவின் துடிப்பை மட்டும் துப்புரவாகத் தரும். அன்றிலிருந்து, பிரசவம் பார்க்கும் மருத்துவமாது ஹுஸ்னியா வயிற்றில் வைத்துத் துடிப்புக் கேட்கும் மரக்குழல், காற்றில் அடிபடும் ஜன்னலுக்கு ஆப்பாகிவிட்டது.

வயிற்றில் மெஷினின் பட்டியைக் கட்டியதும் துடிப்புக் கேட்டது. திரையில் நூற்றி நாற்பது.

"அடிக்குதோ மிஸ்?"

"ஓம் பிள்ளை. எங்கட மன்னார்க் கழுதை மாதிரி ஓடுது. பயப்பிடாதைங்கோ."

பெரியாஸ்பத்திரி டொக்டரிடமும் போனில் அப்படியே சொன்னாள். "அப்ப அங்கயே வைச்சுப் பாருங்கோ" என்றார்.

ஒரு மணித்தியாலம் போனது. நூற்றி நாற்பது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

உயிருள்ள பிள்ளையின் துடிப்பு ஏறும், இறங்கும்.

ஹுஸ்னியா குழலைப் பிடுங்கினாள். ஜன்னல் படாரென்று அறைந்தது. ஒரு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்தபடி, வயிற்றில் குழலை வைத்துக் காதை அழுத்தினாள். வெகு ஆழத்தில், தாயின் நாடியோடு சேராமல், ஒரு துடிப்பு.

நெடுநேரம் கழித்து, இன்னொன்று.

பட்டியை அவிழ்த்து மெத்தையில் போட்டாள்.

சத்தம் நிற்கவில்லை.

வெறும் மெத்தையிலிருந்து, நூற்றி நாற்பது.

"கழட்டாதைங்கோ மிஸ்!" ஜெனிஸ்ரா பட்டியை எட்டிப் பிடித்தாள். "அடிக்குதுதானே! அடிக்கட்டும், விடுங்கோ!"

"பிலிப்பு, ஓட்டோவை எடுங்கோ! கெதியா!"

பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழி நெடுக ஹுஸ்னியா குழலிலிருந்து காதை எடுக்கவில்லை. பேசாலை ஊரைத் தாண்டும்போது அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள்.

அது வரவேயில்லை.

பொழுது சாயுமுன் தனியே திரும்பி வந்தாள். வார்டில் ஒருவருமில்லை. பட்டி மூன்றாம் கட்டிலில் கிடந்தது. ஓடிப்போய் மெஷினின் வயரைச் சுவரிலிருந்து இழுத்தெடுத்தாள்.

திரை அணையவில்லை.

நூற்றி நாற்பது. அதன் கீழே, இரண்டாவது பிள்ளைக்குப் போல, புதிதாக இன்னொரு கோடு.

நூற்றி நாற்பது.