பிளாஸ்டிக் தாளின் உள்பக்கம்

ஊறுகாய் ஜாடி எடுக்க நிலவறைக்குள் இறங்கிய புருல், முந்தின நாள்தான் சுண்ணாம்பு அடித்த வடக்குச் சுவரில் மறுபடியும் பூசணம் பூத்திருப்பதைப் பார்த்தாள். மற்ற மூன்று சுவர்களும் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. இதில் மட்டும், சரியாக அவள் முகத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பலும் பச்சையுமாய் ஒரு மயிர்த் திட்டு.

காராகோல் ஊரில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அவளுக்கு இதே வேலைதான். நனைந்த செம்மறித் தோலைச் சுருட்டி வைத்து மறந்துபோனது போன்ற வாடை, அதற்கு அடியில் அழுகிய ஆப்பிளின் திகட்டும் இனிப்பு, இரண்டும் சமையலறைப் பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டன. உருளைக்கிழங்கை எடுத்தால் தோலுக்குள் விரல் பொதக்கென்று இறங்கியது. மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல் வைத்தாள். அடைத்துக் கிடந்த காற்றுக்குழாயைக் குத்தித் திறந்தாள். சுவரைத் தேய்த்து, மயில்துத்தம் கரைத்துப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பும் அடித்தாள்.

"நீ கட்டிக்கிட்டது என்னையா, அந்தச் சுவத்தையா?" என்று சிரித்தான் அவள் கணவன் எர்மெக்.

"மூக்குன்னு ஒண்ணு இருந்தா உனக்குப் புரியும். ரொட்டியிலகூட அந்த நாத்தம்தான் அடிக்குது."

அவன் ரொட்டியைப் பிய்த்து முகர்ந்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். "எனக்கு நல்லாத்தான் இருக்கு."

பக்கத்து வீட்டு ஜுல்ஃபியாதான் வழி சொன்னாள். "ஈரம் எங்கேருந்து வருதுன்னு தெரியாம தேய்ச்சா உன் கைதான் தேயும், தங்கச்சி. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவத்துல வச்சு நாலு ஓரமும் இறுக்கி ஒட்டு. வெளிப்பக்கம் வேர்த்தா அறைக் காத்துல ஈரம். உள்பக்கம் வேர்த்தா மண்ணுக்குள்ளேருந்து கசியுது. வெளிய பள்ளம் வெட்டித் தண்ணிய வடிச்சு விட்டுரலாம்."

புருல் அந்தத் திட்டின்மேலேயே தாளை ஒட்டினாள்.

மறுநாள் மத்தியானம் எர்மெக் மேலே தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது கைவிளக்கோடு இறங்கினாள். தாளின் வெளிப்பக்கம் உலர்ந்திருந்தது. உள்பக்கம் முத்து முத்தாய் வேர்வை. மண்தான். நிம்மதியாக இருந்தது. பள்ளம் வெட்டினால் போதும், பனி விழுவதற்குள் முடித்துவிடலாம்.

திரும்பப் போனவள் நின்றாள். துளிகள் தாள் முழுக்கப் பரவியிருக்கவில்லை. நடுவில் ஒரே இடத்தில்தான் திரண்டிருந்தன. அதைச் சுற்றி வெள்ளையாக ஓர் ஆவிப் படலம், குளிரில் கண்ணாடி ஜன்னலில் யாரோ ஊதியது போல.

படலம் மெல்லச் சுருங்கியது. மறைந்தது.

மறுபடி படர்ந்தது.

காற்றுக்குழாய் வழியே வரும் காற்றாக இருக்கும் என்று குழாய் வாயைக் கந்தலால் அடைத்துவிட்டு வந்தாள். படர்ந்தது. சுருங்கியது. கையைத் தாளின்மேல் வைத்தாள். வெதுவெதுப்பு. அடியில் சுவர் பொதபொதத்தது, சீழ் கோர்த்த தோல் போல. மூச்சை அடக்கிக்கொண்டாள்.

படலமும் நின்றது.

அவள் விட்டாள். அது படர்ந்தது. அவள் இழுத்தாள். அது சுருங்கியது. மறுபடி அடக்கினாள், பல்லைக் கடித்து, மூக்கைக் கிள்ளிப் பிடித்து. இந்தத் தடவை அது நிற்கவில்லை. படர்ந்தது. அவள் மார்பு தாழ்ந்தது. சுருங்கியது. அவள் மார்பு விம்மியது. அவள் மூச்சு விடவேயில்லை. ஆனால் தொண்டையில் அந்த வாடை. வெளியிலிருந்து வரவில்லை. உள்ளேயிருந்து.

"புருல்!" மேலே திறப்பில் எர்மெக்கின் தலை. "தேநீர் ஆறுது. இன்னும் அங்க என்ன பண்றே?"

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. ஈரக் கம்பளி போல என்னவோ அண்ணம்வரை அடைத்திருந்தது. கடித்தாள். மயிர். கொழகொழப்பு.

தாள் உப்பியது.

"நீ குடி. இதோ வர்றேன்."

அவளுடைய குரல். அவளுடைய சலிப்பு. தாளுக்குப் பின்னாலிருந்து.

"எனக்கே நாத்தம் தாங்கல, மூடிடறேன். வரும்போது தட்டு," என்றான் எர்மெக். பலகை விழுந்தது. அவன் காலடிகள் அடுப்பை நோக்கிப் போயின.

தாள் சுவரோடு உறிஞ்சி ஒட்டியது. உதடுகள் பதிந்தன. பற்கள் பதிந்தன. பிறகு, அவசரமே இல்லாமல், சாம்பல் மயிர் அடர்ந்த ஒரு நாக்கு உள்பக்கமாக நகர்ந்து, அந்தத் துளிகளை ஒவ்வொன்றாக நக்கி எடுக்கத் தொடங்கியது.