இரட்டை விசில்

பிரேக் போட்ட அலறலில் அம்மா மண்டபம் சாலையே ஒரு கணம் உறைந்தது.

தனியார் டவுன் பஸ்ஸின் பம்பருக்கும் ஒன்றாம் வகுப்புச் சிறுமியின் மழைக்கோட்டுக்கும் நடுவே ஒரு சாண்... அவ்வளவுதான். பி.டி. டீச்சர் வேணி பாய்ந்து குழந்தையை அள்ளி அணைத்துக்கொண்டாள். பள்ளி வாசலில் அவளுக்கு அன்றுதான் முதல் டியூட்டி.

டிரைவர் அழகிரி குதித்து ஓடி வந்தான். அந்த நேரத்திலும் அவளுக்கு முதலில் தெரிந்தவை அவன் கண்கள்தான். வெளிறிப்போன, பொய் சொல்லத் தெரியாத கண்கள்... அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது.

"ஸ்கூல் வாசல்ல இருபத்தஞ்சுக்கு மேல போகக் கூடாதுன்னு அத்தாம் பெரிய போர்டு வெச்சிருக்கு. உங்க கண்ணு என்ன, கண்டக்டர் பையிலயா இருக்கு?"

அவன் வாயைத் திறந்தான். அவள் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தான்... மூடிக்கொண்டான்.

அன்று மாலையே போக்குவரத்துப் போலீசில் புகார் கொடுத்தாள் வேணி. லைசென்ஸ் போய்விடும் என்றார் இன்ஸ்பெக்டர். போகட்டும் என்று வீம்பாகவே வீடு திரும்பினாள். ஆனால் அந்தக் கண்கள்... சே, என்ன இது?

மறுநாள் காலை. வாசலையொட்டிய ஸ்டாப்பில் வேறொரு பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. மைதானத்தில் இரட்டை விசில் கேட்டால் பிள்ளைகள் ஓடவேண்டும். அதுதான் வேணி பழக்கிய பழக்கம். சாலையைக் கடக்கச் சொல்லி இரண்டு முறை ஊதினாள்.

பஸ் நகர்ந்தது.

நல்லவேளை, பிள்ளைகள் இன்னும் சாலையில் இறங்கவில்லை. கண்டக்டர் படியிலிருந்து தலையை நீட்டித் திட்டித் தீர்த்தார். ஒரு விசில் கேட்டால் நிறுத்தணும், இரண்டு கேட்டால் எடுக்கணும், எந்த டிரைவருக்கும் இதுதான் கணக்கு. நடுவில் ஊதியது யார் என்று கேட்டார்.

அப்படியானால் நேற்று ஸ்டாப்பில் நின்றிருந்த பஸ்ஸும் வேணி ஊதிய இரட்டை விசிலில்தான்... குழந்தையையும் பஸ்ஸையும் ஒரே நொடியில் கிளப்பிவிட்டது அவளேதான்.

தன் வேலை போனாலும் சரி என்று ஸ்டேஷனுக்கு ஓடினாள். அங்கே அழகிரி தலைகுனிந்து நின்றிருந்தான். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று எப்போதோ ஒத்துக்கொண்டானாம்.

"இல்ல சார்... ரெண்டு விசில் ஊதினது நான்."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறி முறைத்தார். வாசலில் இனி கையால்தான் சைகை காட்டவேண்டும் என்று அவளையும், ரோட்டைப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று அவனையும் எச்சரித்து அனுப்பினார். லைசென்ஸ் தப்பியது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒரே சன்ஷேடின் கீழே இருவரும்...

"தெரிஞ்சும் ஏங்க சொல்லல?"

"வண்டி பத்து கிலோமீட்டர் வேகத்துலதான் வந்துச்சு டீச்சர். பத்துல வந்து இடிச்சாலும் புள்ளை செத்துடும். விசிலை நம்பி ரோட்டைப் பாக்காம விட்டவன் நான். உங்க மேல எப்படிப் பழி போட?"

"லைசென்ஸ் போயிருந்தா?"

"ஜீயபுரத்துல வாழைத்தார் சுமந்திருப்பேன்." சிரித்தவன் குரல் தாழ்ந்தது. "ஆனா உங்க வேலை போயிருந்தா... அந்த வாசல்ல நான் யாரைத் தேடுவேன்?"

வேணி அதிர்ந்து நிமிர்ந்தாள். அதைவிட அதிர்ச்சி, அவள் வாயிலிருந்தே அடுத்து வந்தது.

"நேத்து திட்டும்போதே உங்களைப் பிடிச்சுப்போச்சு... அதான் இன்னும் ஜாஸ்தியா திட்டினேன்."

அழகிரி திறந்த வாய் மூடாமல் நின்றான்.

"வாயை மூடுங்க," என்றாள் வேணி, மழையைப் பார்த்தபடி. "எங்கப்பாகிட்ட வந்து பேசறப்ப திறந்தா போதும்."