திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஒரு கறை

முதல் படத்தில் அந்தக் கறையைப் பூஞ்சை என்றுதான் சத்தியவதி நினைத்தாள். ஆனால் பூஞ்சை வட்டம் வட்டமாகப் படரும். இது நின்றுகொண்டிருந்தது.

புனேயில் எப்போதோ மூடிப்போன ஒரு புகைப்பட நிலையத்தின் கண்ணாடித் தகடுகள், அவள் வேலை பார்த்த சிறிய அருங்காட்சியகத்துக்குப் பெட்டி பெட்டியாக வந்திருந்தன. இரண்டாயிரத்து ஐந்தின் மழைக்காலம் அது. தகடுகளை ஸ்கேன் செய்து, கணினியில் சுத்தப்படுத்தி, அருங்காட்சியகத்தின் வெப்சைட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பிரிவில் அவளும் அவளுடைய மேலாளர் பத்மநாபனும்தான். ஜன்னலுக்கு வெளியே கேம்ப் பகுதியின் ஆட்டோக்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போகும். உள்ளே ஸ்கேனரின் வெளிச்சம் தகட்டுக்கு அடியில் முனகிக்கொண்டே ஊர்ந்து போகும். புளித்துப்போன ஏதோ ரசாயனத்தின் வாடை பெட்டிகளிலிருந்து கிளம்பி, ஈரச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு, மாலையில் வீட்டுக்குப் போகும்போது அவள் துப்பட்டாவிலும் இருக்கும்.

முதல் படத்தில் ஒரு பார்சிக் குடும்பம். இடது ஓரத்தில் திரைச்சீலை. அதற்குப் பக்கத்தில், நெட்டுக்குத்தாகச் சாம்பல் நிறத்தில் அந்தக் கறை. மேலே குறுகி, சற்றுக் கீழே தோளைப் போல் அகன்றிருந்தது.

"கறை கிறையெல்லாம் எடுத்துடுங்கோ சத்யா," என்றார் பத்மநாபன். "வெப்சைட்ல பாக்கறவாளுக்கு முகம் பளிச்னு தெரியணும்."

எடுப்பது சுலபம். பக்கத்திலிருக்கும் திரைச்சீலையில் ஒரு துண்டை மவுஸால் தொட்டு எடுத்து, கறையின் மேல் முத்திரை குத்துவதைப் போலப் பதித்துக்கொண்டே போக வேண்டும். கறை மறைந்து திரைச்சீலை நிற்கும். அவசரமாகச் செய்தால் மட்டும் ஒரே மடிப்பு அடுத்தடுத்து இரண்டு முறை வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த தகட்டில் வேறு குடும்பம், வேறு வருடம். அதே கறை. இப்போது நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அதற்கடுத்ததில் ஒரு மணப்பெண்ணின் தோளருகே. பெட்டியின் கடைசித் தகட்டில் அது குனிந்து, தாயின் மடியிலிருந்த குழந்தையின் தலையைப் பாதி மூடியிருந்தது. எல்லாப் படங்களிலும் எல்லாரும் ஓரக்கண்ணால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் சத்தியவதி ஒவ்வொன்றாக மறைத்து முடித்தாள். வேலை அது.

மறுநாள் பிற்பகல், வெப்சைட்டில் ஏற்றுவதற்காக அந்தப் படங்களை மறுபடி திறந்தாள். யாருமே இப்போது ஓரக்கண்ணால் பார்க்கவில்லை. தாய், மணப்பெண், பார்சிக் குடும்பத்துக் கிழவர் எல்லாரும் திரையிலிருந்து நேராக வெளியே பார்த்தார்கள். அவளைக்கூட அல்ல. அவள் தோளுக்குச் சற்று மேலே, அவளுக்குப் பின்னால்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, கடைசித் தகட்டை உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கணினியில் மட்டும்தானே அவள் மறைத்தாள். கண்ணாடியில் கறை அப்படியே இருக்க வேண்டும். இல்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது.

"கிளாஸ்லேர்ந்து எப்படிம்மா போகும்? வேற ப்ளேட்டைப் பாத்திருப்பேள்," என்றார் பத்மநாபன்.

"அதுவேதான் சார். அது உள்ள இல்ல."

"கண்ணு அசந்துபோயிருக்கு. இன்னிக்குச் சீக்கிரம் கிளம்புங்கோ."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உரிந்து ஒரு கொக்கின் வடிவில் இருந்தது. அதன் பக்கத்தில் அதே கொக்கு. அதே வளைந்த கழுத்து, அதே உடைந்த கால். கீழே இன்னொன்று. ஆள் உயரத்துக்கு, தோளகலத்துக்கு, சுவரே சுவரின் மேல் பதிக்கப்பட்டிருந்தது.

அது போகவில்லை. அவள் மறைத்தது அப்படியே மறைந்து நிற்கிறது.

லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியின் கதவோரம், தகரத்தில் ஒரே துருப்புள்ளி மூன்று முறை வந்தது. ஆகுர்டி ஸ்டேஷனில் இறங்கினாள். அவள் வீடு இருந்த நிக்டிக்கு ஷேர் ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் போகவில்லை. வீட்டில் கணவன் ஜார்ஜும் ஐந்து வயது மகள் ஃபேபியோலாவும் இருக்கிறார்கள். இதைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போவது? பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே ஈரத் தரையில் ஒரு நசுங்கிய டீ கப், பக்கத்தில் அதே டீ கப். அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். ரயில்கள் வந்து போயின. தொழிற்சாலை ஷிப்ட் முடிந்தவர்கள் குடைகளோடு கடந்து போனார்கள். இருட்டத் தொடங்கியது.

பிறகு பார்த்தபோது ஒரு கப்தான் இருந்தது.

தூணைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். தண்டவாளத்துக்கு அப்பாலிருந்த வேலியைப் பார்த்தாள். எதுவும் இரண்டாக இல்லை. மூச்சு நிதானமாக வந்தது. கர்த்தரே என்று கண்ணை மூடினாள். உடனே திறந்தாள்.

இங்கே இல்லை.

அப்படியென்றால்?

ஓடினாள்.

காலனியில் லோட்ஷெடிங், கரண்ட் இல்லை. படியெல்லாம் இருட்டு. ஜார்ஜ் மெழுகுவர்த்தியோடு கதவைத் திறந்தான்.

"இப்பதான தட்டுன? தொறந்தா ஆளக் காணோம். ஏளா, எங்க போன?"

"பாப்பா எங்க?"

"உள்ள தூங்கிட்டு இருக்கா. லேசா மேலு சுடுது. கஞ்சி வச்சிருக்கேன்."

அவனுக்குப் பின்னால் கூடத்துச் சுவரில் ஒரு விரிசல். பக்கத்தில் அதே விரிசல். படுக்கையறைக் கதவு வரைக்கும் அதே விரிசல்.

"அந்தச் சுவரப் பாருங்க."

"என்னத்தப் பாக்க? மழைக்கு வெடிச்சிருக்கு. ஹவுஸ் ஓனர்ட்ட சொல்லணும்."

அவன் கஞ்சியைக் கிளற அடுப்படிக்குப் போனான். வெளிச்சமும் அவனோடு போனது.

படுக்கையறை. புளித்த வாடை. ஜன்னலில் மின்னல் வெட்டியது.

கட்டிலில் நீலப்பூப் போட்ட விரிப்பு. ஒரே ஒரு பூவில், ஃபேபியோலா குழம்பு சிந்திய மஞ்சள் கறை உண்டு. துவைத்தும் போகாத கறை. இப்போது எல்லாப் பூவிலும் அந்தக் கறை இருந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை. சுருக்கமில்லை. மேடில்லை. குழந்தை இல்லை.

குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது.

காய்ச்சல் மூச்சு. சின்னது. அதன்மேல் இன்னொரு மூச்சு. நீளமானது. மெதுவானது.

"பாப்பா."

கையை நீட்டினாள். விரிப்பைத் தொடுவதற்கு முன்பே விரல்கள் எதிலோ பட்டன. முடி. சூடான நெற்றி. தன் குழந்தையின் நெற்றி. அள்ளி எடுக்கக் குனிந்தாள். அந்த நெற்றியின் மேல், அவள் விரல்களுக்கு இடையில், ஏற்கெனவே வேறு விரல்கள் தடவிக்கொண்டிருந்தன. ஈரமாக. ஜில்லென்று.

அவை நின்றன. அவள் கையைப் பிடித்தன.

கூடத்திலிருந்து வெளிச்சம் நெருங்கியது. ஜார்ஜ் கஞ்சிக் கிண்ணமும் மெழுகுவர்த்தியுமாக வாசலில் நின்றான். கட்டிலைப் பார்த்தான்.

"ஏளா. பிள்ளைய எங்க?"

அவள் தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுக்குக் கீழே அது இல்லை. அங்கே மஞ்சள் கறை பட்ட ஒரு நீலப்பூ. அதன் பக்கத்தில் அதே பூ. முழங்கையில் இன்னொன்று.