நெயூசாவின் இடம்

பக்கத்தில் நிற்பவளின் முகக்கவசம் நனையவே இல்லை.

மிர்லாந்த் அதைத் தற்செயலாகத்தான் பார்த்தாள். கோழி வெட்டும் அந்தக் கூடத்தில் எப்போதும் குளிர்பதனம் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் வந்து நின்ற கொஞ்ச நேரத்திலேயே எல்லோருடைய முகக்கவசத்திலும் மூச்சுக்காற்று ஈரமாகப் படிந்து, மூக்குக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்துவிடும். அவளுடையதில் மட்டும் விழவில்லை. சலவையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்ததுபோல் மொடமொடப்பாக, வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஜன்னலே இல்லாத கூடம். மேலே குழல் விளக்குகள் இரைய, கொக்கிகளில் தலைகீழாகத் தொங்கும் கோழிகள் சங்கிலியோடு ஆடி ஆடி வர, குளோரின் நெடியும் பச்சைக் கொழுப்பின் வாடையும் கலந்து தொண்டைக்குள் ஒரு படலம்போல இறங்க, காதில் அடைத்த பஞ்சையும் மீறிச் சங்கிலியின் அரைப்பு பல்வலி மாதிரி தாடைக்குள் ஏறிக்கொண்டேயிருக்கும். எல்லோருக்கும் ஒரே வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, கையுறை. கண்கள் மட்டுந்தான் வெளியே தெரியும். யார் புதுசு, யார் பழசு என்று பார்த்ததும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அது நெயூசா நின்ற இடம். சாப்பெக்கோ ஊருக்கு மகளோடு வந்து இறங்கி, பிரேசில்காரர்களின் பேச்சு பாதிகூடப் பிடிபடாமல் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மிர்லாந்துக்கு இடது பக்கம் நெயூசாதான். உடை மாற்றும் அறையில் மேலாளர் வால்டெசிர் நடப்பதுபோல் மார்பை நிமிர்த்தி நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பாள். போன வாரம் அவள் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கையைத் தூக்கினாள். இடைவேளை வரட்டும் என்றான் வால்டெசிர். மறுபடி கேட்டாள். ஆளுக்கு ஒருதரம் போனால் கோழிக்கு யார் பதில் சொல்வது என்றான். கொஞ்ச நேரம் கழித்து நெயூசாவின் ரப்பர் காலணிகளைச் சுற்றி லேசாக ஆவி எழும்பியது. அந்தக் குளிரில் அது நன்றாகவே தெரிந்தது. நெயூசா வெட்டுவதை நிறுத்தவில்லை. வரிசையில் ஒருவரும் திரும்பவில்லை. மிர்லாந்தும் தன் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து நெயூசா வரவில்லை. அடுத்த வாரம் அந்த இடத்தில் இவள் நின்றாள்.

தன்னைப்போல ஹைட்டியிலிருந்து வந்தவளோ என்று மிர்லாந்த் தங்கள் பாஷையில் நலம் விசாரித்தாள். புதியவள் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு இந்த ஊர்ப் பேச்சில் கேட்டாள். அப்போதும் எடுக்கவில்லை. சரி, களைப்பாக இருக்கும், பேசப் பிடிக்காதவளாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

புதியவளின் வேலையில் பிசகே இல்லை. தொடையைப் பிடித்து, கட்டைவிரலால் மூட்டின் குழியைத் தேடி, கத்தியை நுழைத்து, ஒரு திருகு. மற்றவர்கள் நடுநடுவே கத்தி தீட்டுவார்கள், மணிக்கட்டை உதறுவார்கள். அவள் உதறவில்லை. கழிப்பறை கேட்கவில்லை. வால்டெசிர் சங்கிலியின் வேகத்தை ஏற்றினான். அந்த முனையில் தேங்காமல் ஓடுகிறதே, உங்களுக்கு மட்டும் என்ன கேடு என்றான்.

இடைவேளைச் சங்கு ஊதியது. சங்கிலி நின்றது. எல்லோரும் கதவை நோக்கி நகர்ந்தார்கள். மிர்லாந்த் ஏனோ திரும்பிப் பார்த்தாள்.

புதியவள் அங்கேயே நின்றாள். முன்னால் கோழி இல்லை. கைகள் காற்றை வெட்டிக்கொண்டிருந்தன. இடது கையின் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் தனியே நீட்டிக்கொண்டிருந்தது.

நெயூசாவின் சுண்டுவிரல் அப்படித்தான் இருக்கும். எப்போதோ நரம்பு அறுந்தது.

மிர்லாந்த் நேராக வால்டெசிரிடம் போய் அங்கே நிற்பது யார் என்று கேட்டாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

"அந்த எடத்துக்கு இன்னும் ஆளே போடல."

"அப்ப வெட்டறது யாரு சார்?"

"கறி வருதில்ல?" என்றான் அவன். "வந்தா சரி. நீ உன் வேலையப் பாரு."

சனிக்கிழமை மத்தியானம் மிர்லாந்த் நெயூசாவின் வீட்டைத் தேடிப் போனாள். நல்ல வெயில். அவள் கணவன் அடெமார் கதவைத் திறந்தான். அந்தப் புழுக்கத்திலும் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். நெயூசா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கைகளை முழங்கைவரை ஒரு தடித்த கம்பளி மூடியிருந்தது. அடெமார் மாத்தே பானத்தை அவள் வாயருகே பிடிக்க, குழந்தைபோல உறிஞ்சினாள்.

"கை வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்ல." நெயூசாவின் முகத்தில் பழைய குறும்பின் சாயல் வந்து மறைந்தது. "கையே வீட்டுக்கு வரல பொண்ணே. நான் மட்டுந்தான் வந்தேன்."

கம்பளிக்கு அடியில் ஏதோ அசைந்தது. நின்றது. அசைந்தது. நின்றது. அடெமார் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். அந்த அசைவுக்கு ஏற்பத் தன் கால் தரையில் தட்டுவதை மிர்லாந்த் உணர்ந்தாள். சங்கிலியின் வேகம் அது. புதிதாக ஏற்றிய வேகம்.

வாசல்வரை வந்த அடெமார், கத்திகளையெல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டதாகவும், இப்போது தனியாகப் படுப்பதாகவும் மெதுவாகச் சொன்னான். சொல்லும்போது கழுத்தைச் சொறிந்தான். காலர் விலகியது. தாடைக்குக் கீழேயிருந்து தோள் தொடங்கும் இடம்வரை, கட்டைவிரல் அகலத்துக்கு வரிசையாக நீலக் கன்றல்கள்.

ஞாயிறு முழுக்க மிர்லாந்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு வாடகை இருந்தது, ஊரில் அம்மா பணத்துக்குக் காத்திருந்தாள். வேறு வேலை கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. இருந்தும் திங்கட்கிழமை மத்தியானம் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வால்டெசிரிடம் போய், இனி வரமாட்டேன் என்றாள். திட்டுவான், சம்பளத்தில் பிடித்தம் செய்வான் என்று எதிர்பார்த்திருந்தாள்.

அவன் கோபப்படவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாகக் கனிவாகப் பேசினான்.

"போம்மா. போய் ஓய்வெடு. உன் எடத்தப் பத்திக் கவலப்படாத."

வெளியே வெயிலில் கண் கூசியது. அவள் ஏறக்குறைய ஓடினாள். பேருந்திலிருந்து இறங்கி, பள்ளிக்கூட வாசலில் மற்ற தாய்மார்களோடு நின்றபோதுதான் மூச்சு சீரானது. யாரோ சோளப்பொரி விற்றார்கள். வெண்ணெய் வாசனை. குழந்தைகளின் கூச்சல். அவளுக்கு அழவேண்டும் போலிருந்தது, நிம்மதியில்.

விஸ்லேன் பையைத் தரையில் இழுத்தபடி ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். உடனே விட்டாள்.

"ஏம்மா கை இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

மிர்லாந்த் கையைப் பார்த்தாள். வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. சூடு தெரியவில்லை. குழந்தையின் விரல்கள் பட்டதும் தெரிந்திருக்கவில்லை.

இடது கை எழுந்தது.

அவள் எழுப்பவில்லை.

அது மகளின் தோளில் போய் உட்கார்ந்தது. அன்பாக வைத்த மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் நின்ற தாய் பார்த்துப் புன்னகைத்தாள். கட்டைவிரல் நகர்ந்தது. அழுத்தியது. நகர்ந்தது. தேடியது.

"அம்மா, கூசுது," என்று நெளிந்து சிரித்தாள் விஸ்லேன்.

எடு. எடு. எடு. கை வரவில்லை. தூரப் போ என்று சொல்ல வாயைத் திறந்தாள். பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன.

கட்டைவிரல் மூட்டின் குழியைக் கண்டுபிடித்து நின்றது. வலது கை, வெறுங்கை, மெல்ல மேலே வந்து, இல்லாத கத்தியின் பிடியை இறுக்கியது. குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.