அடுப்படிக்குக் கீழே ஒரு படையல்

துருக்கியின் சார்ட் கிராமத்தில் அந்தப் பழைய வீட்டுக்குத் துர்குத் குடிவந்ததே, அதற்கடியில் பண்டைய லிடிய நாட்டு அரசர்களின் தங்கம் கிடக்கிறது என்றுதான். ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு, இவனுக்கு முற்றிவிட்டது. எல்லோரும் தோட்டத்தில் திராட்சை காயவைத்துக்கொண்டிருக்க, இந்தச் சோம்பேறி அடுப்படியைத் தோண்டினான்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு கூஜா, கிண்ணம், தட்டு, துருவேறிய கத்தி கிடைத்தன. பக்கத்தில் சின்னப் பானை. உள்ளே நாய்க்குட்டியின் எலும்புகள், மூட்டு மூட்டாக வெட்டி அடுக்கியிருந்தன.

"ரெண்டாயிரத்தி ஐநூறு வருஷமா பொத்திப் பொத்தி வச்சது இந்த நாய்க்கறியையா? தூ!"

கைக்குழந்தையோடு எட்டிப் பார்த்த மனைவி ஃபெரிஹா முகம் வெளுத்தாள். "யாருக்கோ படைச்ச சாப்பாடு மாதிரி இருக்கு. எடுத்த எடத்துலயே வச்சுடு, துர்குத்."

"பசிச்சா அவனே வந்து கேக்கட்டும்!"

எலும்புகளைத் தெருவில் வீசினான். தெருநாய்கள் மிச்சம் வைக்கவில்லை. சாமான்களை அலமாரியில் அடுக்கினான்.

மறுநாள் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது, அவர்கள் வளர்த்த நாய்க்குட்டி ஃபிந்திக் வாசலுக்கு ஓடிவரவில்லை. அலமாரி காலி. அடுப்படிக் குழி மூடப்பட்டு, மண் மிதித்துச் சமன் செய்யப்பட்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டே தோண்டினான். அதே கூஜா, கிண்ணம், தட்டு. கத்தியில் துரு இல்லை.

பானைக்குள் ஃபிந்திக் இருந்தது. மூட்டு மூட்டாக.

"அந்த எலும்பத் தேடிக் கொண்டா," ஃபெரிஹாவின் குரல் எழும்பவில்லை.

"நாய் தின்னத எங்கடி தேடுறது?"

"அப்போ இதயாச்சும் தொடாம அப்படியே மூடிட்டு எங்களோட கெளம்பு. அடுத்து நம்ம புள்ளைய எடுத்தா என்ன செய்வ?"

"செத்த நாய்க்குப் பயப்படுற கோழை நீ. ஓடு உன் அம்மா வீட்டுக்கு!"

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மினிபஸ்ஸில் ஏறிவிட்டாள். அவன் ஃபிந்திக்கையும் சுவருக்கு வெளியே வீசிவிட்டு, முற்றத்தில் தேநீரோடு உட்கார்ந்தான்.

உள்ளே யாரோ மண்ணை மிதிக்கும் சத்தம்.

நிதானமாக மிதித்தார்கள்.

சத்தம் நின்றபின் உள்ளே போனான். யாரும் இல்லை. தரை சமனாக இருந்தது. பயந்தாலும் திமிர் விடவில்லை, மண்வெட்டியை எடுத்தான்.

கூஜாவில் புது மது நிரம்பியிருந்தது. தட்டில் ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. கத்தியைத் தீட்டி வைத்திருந்தார்கள்.

பானை மட்டும் காலி.

அதன் அடிவரை தோண்டியபோது, அந்தச் சின்னப் பானை இப்போது அவன் இடுப்பு உயரம் இருந்தது.