கடைசியாக வருகிறவர்

காஜாங் நகரைத் தாண்டி, பழைய ரப்பர்த் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு செம்மண் திடல் உண்டு. வார நாட்களில் அங்கே ஆடுகள் மேயும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கார்கள் வந்து நிற்கும். அவற்றின் முதுகிலிருந்து சைக்கிள்கள் இறங்கும். ஓரத்துக் கடையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் பிரியும்.

அன்றும் அப்படித்தான். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்தது. குன்றின் பாதிக்கு மேல் பனி மூடிக் கிடந்தது. ஜெயமாலா தன் சைக்கிளை இறக்கி நிறுத்திவிட்டு, தம்பி கிருஷாந்தின் சைக்கிளில் கை வைத்தாள்.

"விடுக்கா, நான் எறக்கிக்கிறேன்," என்றான் அவன். ஆனால் காரை விட்டு இறங்கவில்லை.

அவள் அவசரப்படுத்தவில்லை. அவனை இந்தத் திடல் வரை கொண்டுவரவே இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

ஜெயமாலாவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஞாயிறு வந்தால் அவள் வேறு ஆள். மலைப்பாதைச் சைக்கிள் பந்தயங்களில் மூத்த பெண்கள் பிரிவில் ஓட்டுவாள். வாங்கிய பதக்கங்கள் சமையலறை ஆணியில் வடிகட்டியோடு சேர்ந்து தொங்கும். ஒரு பந்தயத்தில் தோள் எலும்பு முறிந்து, உள்ளே வைத்த தகடு மழைக்காலத்தில் வலிக்கும். சனிக்கிழமைகளில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதை வெட்டப் போவாள். கிருஷாந்துக்கு இந்தப் பைத்தியத்தைத் தொற்ற வைத்ததும் அவள்தான்.

கூட்டமாகக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னால் ஒருவர் வழிநடத்துவார். கடைசியில் ஒருவர் வருவார். அவரை ஸ்வீப் என்பார்கள். ஸ்வீப்புக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. யாராவது பாதியில் வீட்டுக்குப் போக நினைத்தால் ஸ்வீப்பிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் தேடி உள்ளே போக வேண்டியவர் அவர்தான்.

சுகுமாறன் சார் அப்படித்தான் போனார்.

கிள்ளானில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கூட்டத்தில் அவர்தான் எப்போதும் ஸ்வீப். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, கிருஷாந்தின் டயர் பஞ்சர். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பாதி வழியில் தார்ச் சாலைக்கு இறங்குகிற பழைய கிளைப்பாதை ஒன்று உண்டு. அவன் அதில் இறங்கி, சாலையில் போன டாக்சியை நிறுத்தி வீட்டுக்கு வந்துவிட்டான். போனில் சார்ஜ் இல்லை. சார்ஜ் ஏறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று குளிக்கப் போனான். அந்த நேரத்தில் சுகுமாறன் சார் கொட்டுகிற மழையில் அவன் பெயரைக் கூப்பிட்டபடி தனியாக மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தார். மண் சரிந்தது. மறுநாள்தான் அவரைத் தோண்டி எடுத்தார்கள்.

யாரும் கிருஷாந்தைத் திட்டவில்லை. அதுதான் அவனை ஒடித்துப் போட்டது. வேலையை விட்டான், சிநேகிதர்களை விட்டான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். இப்போது அந்தச் சரிவைச் சுற்றிப் புதுப் பாதை வெட்டி முடித்திருந்தார்கள். அதன் முதல் நாள் இன்று. இவனை உள்ளே கூட்டிப் போய் முழு ஆளாக வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். ஜெயமாலாவின் மனத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

"என்ன தம்பி, ரெண்டு வருஷத்துல பிரேக் எந்தக் கைன்னு மறந்து போச்சா?" என்று கார்க் கண்ணாடியைத் தட்டினான் ஷாஹுல். கிள்ளானில் துணிக்கடைக்காரன், புதுப் பாதையை முன்னின்று வெட்டியவன். "இறங்கு லா. உன் அக்கா முறைக்கிறதப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு."

கிருஷாந்த் சிரித்தான். இறங்கினான்.

இன்று ஸ்வீப் யார் என்ற பேச்சு வந்தபோது ஒரு கணம் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஜெயமாலா தானே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். தம்பி முன்னால், அவள் பின்னால். அவனை ஒரு நிமிடமும் கண்ணை விட்டு விடுவதாக இல்லை.

ஏற்றம் சுகமாகவே போனது. ஈர மண்ணில் டயர்கள் கடித்து ஏறின. ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கியதும் வெளிச்சம் பச்சையாகிக் குறைந்தது. கிருஷாந்த் மூச்சு வாங்கினாலும் இறங்கித் தள்ளவில்லை. உச்சியில் தகரக் கூரை போட்ட பொண்டோக் குடிலில் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். புது இறக்கத்தைப் பற்றி ஷாஹுல் ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டு முதலில் இறங்கினான். ஒவ்வொருவராகப் பனிக்குள் மறைந்தார்கள்.

கிருஷாந்த் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அவனும் போனான்.

ஜெயமாலா ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஏறி வந்த பாதையில் கைத்தடி ஊன்றி ஒரு ஆன்டி மேலே வந்தார். ஞாயிறு தவறாமல் நடக்க வருகிறவர், முகம் பழக்கம்.

இன்னும் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். நடக்கிறவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருப்பதால் எப்போதும் கேட்பதுதான்.

"நான்தான் கடைசி, ஆன்டி."

"இல்லையே. உனக்குப் பின்னால ஒருத்தர் வராரே."

ஜெயமாலா பாதையைப் பார்த்தாள். பனிதான் இருந்தது.

"வயசானவர்மா. உடம்பெல்லாம் சேறு. பாவம், எங்கயோ விழுந்துட்டார் போல. நீலச் சட்டை போட்ட பையனப் பார்த்தீங்களா, கிருஷாந்த்னு பேருன்னு கேட்டாரு."

அவள் கை வாரிலேயே நின்றது. இன்று கிருஷாந்த் போட்டிருப்பது சாம்பல் நிறம். நீல ஜெர்சி அன்றைக்குப் போட்டது. அதை அவள்தான் குப்பையில் போட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க, ஆன்டி?"

"நீலச் சட்டையெல்லாம் பார்க்கல, ஆனா பையன் ஒருத்தன் மேல போறான்னு சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்."

ஆன்டி பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். ஜெயமாலா சைக்கிளை இறக்கத்தில் விட்டாள்.

பனி முகத்தில் ஈரத்துணி போல ஒட்டியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மண்ணைச் சரிவாக ஏற்றிக் கட்டிய வளைவுகள். பாதி அவள் கையால் தட்டி இறுக்கியவை. கீழே எங்கோ கிருஷாந்தின் பிரேக் கிறீச்சிட்டது. அவன் போய்க்கொண்டிருக்கிறான். நல்லது.

அப்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

மிதிப்பதை நிறுத்தி உருள விட்டால் பின்சக்கரம் கரகரக்கும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது ஒவ்வொரு விதம். சேர்ந்து ஓட்டுகிறவர்கள் திரும்பாமலே ஆளைச் சொல்லிவிடுவார்கள். இது எண்ணெய் காணாத சத்தம். தகரத்தில் கல் உதிர்வது போல வறண்ட சத்தம். இதற்காக எத்தனை ஞாயிறு சாரைக் கேலி செய்திருக்கிறார்கள்.

அவள் வேகத்தைக் கூட்டினாள்.

சத்தமும் கூடியது.

காற்றில் பச்சை மண் வாசனை எழுந்தது. யாரோ அப்போதுதான் ஆழமாகத் தோண்டிப் போட்ட மண்ணின் வாசனை. இங்கே மண்வெட்டி பட்டு ஒரு மாதமாகிறது.

"கிருஷா..."

அதட்டல் இல்லை. கோபம் இல்லை. வகுப்பில் பின்வரிசைப் பையனைக் கூப்பிடுகிற அதே குரல்.

அவள் பிடியை இறுக்கி மிதித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் திடலுக்குப் போகிற புதுப் பாதை. அதில் தம்பி போய்க்கொண்டிருக்கிறான். இடப்பக்கம் தார்ச் சாலைக்கு இறங்குகிற பழைய கிளை. ஷாஹுல் அதை மரக்கிளைகள் போட்டு அடைத்திருந்தான். அவள் வலப்பக்கம் திரும்பினால், பின்னால் வருவதை நேராகத் தம்பியிடம் கூட்டிப் போனவள் ஆவாள்.

யோசிக்க நேரம் இல்லை.

அவள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளைகளுக்கு மேலே தாண்டினாள். மறுபக்கம் நின்று, தொண்டையைத் திறந்து கத்தினாள்.

"சார்! இந்தப் பக்கம், சார்!"

சத்தம் ஒரு கணம் தயங்கியது.

பிறகு இடப்பக்கம் திரும்பியது.

அதற்குப் பின் அவள் ஓட்டியது எந்தப் பந்தயத்திலும் ஓட்டாத ஓட்டம். லாலான் புல் முழங்காலைக் கிழித்தது. வேர்கள் சக்கரத்தைத் தூக்கி எறிந்தன. பின்னாலேயே அந்த வறண்ட கரகரப்பு, நெருங்காமலும் விலகாமலும். மண் வாசனை வாய்க்குள் வரை வந்தது. கழுத்தில் யாரோ மூச்சு விடுவது போல ஒரு குளிர்.

தார்ச் சாலை.

டயர் தாரைத் தொட்டதும் எல்லாம் நின்றது. சத்தம் இல்லை, வாசனை இல்லை. ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் சாலையோரம் உட்கார்ந்து, மூச்சு அடங்கும் வரை சிரித்தாள். அழுதாளோ என்னவோ. தம்பி தப்பித்தான். போனை எடுத்தாள், குன்றின் அந்த மடிப்பில் லைன் கிடைக்கவில்லை. பரவாயில்லை, சாலையில் குன்றைச் சுற்றிக்கொண்டு போனால் திடல் வந்துவிடும்.

சுற்று நீளமாக இருந்தது. மேகம் மறுபடி திரண்டுகொண்டிருந்தது. திடலுக்குள் நுழைந்தபோது பாதை வாயில் எல்லோரும் கூட்டமாக நிற்பது தெரிந்தது. ஷாஹுல் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்தது.

"நீ... எந்தப் பக்கமா வந்த?"

"சாலை வழியா. கிருஷாந்த் எங்க?"

ஷாஹுல் பாதை வாயைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். கிருஷாந்த் நன்றாகத்தான் வந்து சேர்ந்தான். சிரித்துக்கொண்டு வந்தான். அக்காவுக்காகக் காத்திருந்தான். நேரம் போனது, அவள் வரவில்லை, போன் அடித்தால் போகவில்லை. நானும் வரேன், கொஞ்சம் பொறு என்று ஷாஹுல் சட்டையைப் பிடித்து நிறுத்தியும் கேட்கவில்லை.

"'அன்னைக்கு எனக்காக ஒருத்தர் உள்ள போனாரு. இன்னைக்கு நான் நிக்கவா?'ன்னான். போயிட்டான், ஜெயா."

முதல் துளிகள் கார்க் கூரைகளில் தட்டின.

ஜெயமாலா பாதை வாயை நோக்கி ஓடினாள். இரண்டு பேர் பிடித்தார்கள். அவர்களைத் தள்ளினாள், கடித்தாள்கூட. இரண்டு வருடம் ஒவ்வொரு ராத்திரியும் அந்த அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து காத்த பிள்ளை. அவளே கூட்டி வந்து, அவளே அனுப்பி வைத்துவிட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு வழியில் இறங்கியவள் அவள்.

மழை பிடித்துக்கொண்டது. மரங்களுக்கு நடுவே ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஏதோ அசைந்தது.

கிருஷாந்த்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான். ஒரு கீறல்கூட இல்லை. அவள் பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டாள். தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள், அடித்தாள். அவன் அவளைப் பிடித்து நிறுத்தி முகத்தைப் பார்த்தான். அவன் கண்கள் தெளிந்திருந்தன. இரண்டு வருடமாக அவள் காணாத தெளிவு.

"சாரைப் பார்த்தேங்க்கா," என்றான் மெல்ல. "என் மேல அவருக்குக் கோபமே இல்ல. 'வந்துட்டியா தம்பி'ன்னு தலையத் தொட்டாரு. வழி பூரா என் பின்னாலயே வந்தாரு."

 ஷாஹுலின் உதடுகள் ஏதோ ஓதின.

"அப்புறம்?" என்றாள் ஜெயமாலா.

"திடல் தெரியிற எடத்துல நின்னுட்டாரு. 'நீ போ. உன் அக்கா இன்னும் வரல. நான் தேடிக் கூட்டிட்டு வரேன்'னாரு."

"நான் வெளிய வந்துட்டேன்னு நீ சொல்லலையா?"

கிருஷாந்த் அவளை விசித்திரமாகப் பார்த்தான்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

மழைக்கு அப்பால், குன்றின் மேலே, ஒரு சக்கரம் வறண்டு கரகரத்து ஓய்ந்தது. பிறகு குரல் வந்தது. திடலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஜெயா..."

அவசரம் இல்லாத குரல். கிடைக்கும் வரை தேடுகிறவரின் குரல்.